பிரேக்பீட்: முறிதாளமா, இடைத்தாளமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பாட்டுகளின் டிரம்ஸ் துண்டைச் சுழலவிட்டு உருவாக்கும் தாளமான பிரேக்பீட்டுக்கு, தமிழ்ப் பதிவில் 'முறிதாளம்' என்று பெயரிடலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. அது வேண்டாம் என்பது என் கருத்து. பிரேக்பீட்டில் எதுவும் முறிவதில்லை. பழைய ஃபங்க் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நடன இசை) பாட்டுகளில் குரலும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்க, டிரம்ஸ் மட்டும் சில நொடி ஒலிக்கும். அந்த இடத்துக்குத்தான் பிரேக் என்று பெயர். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973-இல் விருந்துகளில் இசைத்தட்டு ஓட்டத் தொடங்கிய டிஜே கூல் ஹெர்க், ஆடுகிறவர்கள் அந்த இடத்துக்காகவே காத்திருப்பதைக் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அதை நீட்டினார். அதற்கு ஆடியவர்கள்தான் பி-பாய்கள், அதாவது பிரேக் டான்ஸ் ஆடுகிறவர்கள். அந்த 'பி' பிரேக்கைக் குறிக்கிறது.

இப்படிப்பட்ட பிரேக்குக்குப் புகழ்பெற்ற உதாரணம், தி வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டு. அதில் கிரெகரி கோல்மன் டிரம்ஸில் வாசித்த ஆறேழு நொடி, பிறகு ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. அவருக்கு அதிலிருந்து ராயல்டி எதுவும் வரவில்லை. இது பெரிய அநியாயம்.

திரைப்பாட்டு வழியாக 'இடையிசை' நமக்குப் பழக்கமான சொல். அதே வழியில் பிரேக்பீட்டை 'இடைத்தாளம்' எனலாம். 'தனித்தாளம்' என்றால் தனி ஆவர்த்தனம் நினைவுக்கு வரும். அது வித்வானின் மனோதர்மம். இதுவோ வெட்டியெடுத்த துண்டு திரும்பத் திரும்பச் சுழல்வது.

ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசையில் ஒவ்வொரு அடிக்கும் சீராக விழும் பேஸ் டிரம் இங்கே இடம் மாறி விழுகிறது, அதனால் 'முறி' பொருந்தும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது தாளத்தின் தன்மையைத்தான் சொல்கிறது. பெயர் பிறந்த இடம் வேறு. பின்லாந்தின் பாம்ஃபங்க் எம்சிஸ் குழு 1999-இல் வெளியிட்ட 'ஃப்ரீஸ்டைலர்' காணொளியைப் பாருங்கள். ஹெல்சிங்கியின் ஹகானியெமி மெட்ரோ நிலையத்தில் ஒரு பையன் மினிடிஸ்க் (சிறிய வட்டில் பாட்டுக் கேட்கும் கருவி) ரிமோட்டை அழுத்தி, சுற்றி இருப்பவர்களை நிறுத்துகிறான், பின்னோக்கி ஓட்டுகிறான். நடுவே பிரேக் டான்ஸ். தாளமும் ஆட்டமும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பிராங்ஸில் பிறந்தது பின்லாந்துக்குப் போய், 2000-இல் ஜெர்மனி, ஸ்வீடன், ஆஸ்திரேலியா பட்டியல்களில் முதலிடமும் பிரிட்டனில் இரண்டாமிடமும் பிடித்தது. அந்தத் தொடர்ச்சி சொல்லிலும் தெரிய வேண்டும்.

அப்புறம், பிரேக் டான்ஸை மொழிபெயர்க்க வேண்டாம். அது தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் புழங்கும் சொல். 'இடைத்தாளம்' பதிவில் அடைப்புக்குறிக்குள் 'பிரேக்பீட்' என்றும் போட்டுவிடலாம்; தேடுகிறவர்களுக்கு உதவும்.