அடிக்குறிப்பைத் திறந்து பார்த்து அசந்துபோன அனுபவம் உண்டா?

க்யூப்காரன்:

கல்லூரி முதலாம் ஆண்டு. போன பருவத்தில் எங்கள் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். இணையக் கலைக்களஞ்சியத்தில் கணக்குத் தொடங்கி, பயனர் பக்கத்தில் நம்மைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். பிறகு ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதில் கொடுத்திருக்கும் சான்றுகள் தேறுமா தேறாதா என்று எழுதித் தர வேண்டும். என் நாலு வரியில் மூன்று வரி பொழுதுபோக்குதான். ரூபிக்ஸ் க்யூப், கொஞ்சம் சதுரங்கம், மழை பெய்தால் தூக்கம். தூக்கத்தை மட்டும் மேடம் அடிக்கச் சொல்லிவிட்டார்.

முதலில் பருவநிலை மாற்றம் என்று பெரிய தலைப்பாக எடுத்தேன். அடிக்குறிப்புகள் உருட்ட உருட்டப் போய்க்கொண்டே இருந்தன. மூடிவிட்டேன். "உனக்குக் கை பழகின விஷயத்தை எடுப்பா, தப்பு இருந்தா உனக்கே உறுத்தும்" என்றார் மேடம். அப்படித்தான் க்யூப் பற்றிய ஒரு கட்டுரைக்கு வந்தேன். மொத்தம் பதினொரு அடிக்குறிப்பு. ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு நாள் ஆனது.

இரண்டாவது அடிக்குறிப்பு செத்த சுட்டி. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழைய பிரதி கிடைத்தது. கட்டுரையின் வரி க்யூபின் உள்ளே இருக்கும் பொறியமைப்பைப் பற்றியது. அந்தப் பக்கமோ 1982இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியைப் பற்றிப் பேசியது. இரண்டும் க்யூப்தான், அதற்கு மேல் உறவில்லை. எத்தனை பேர் அந்த எண்ணைப் பார்த்து "சான்று இருக்கிறது" என்று தாண்டிப் போயிருப்பார்கள்! நானும் அதுவரை அப்படித் தாண்டிப் போனவன்தான்.

நாலாவது இன்னும் வேடிக்கை. "1980இல் கண்டுபிடிக்கப்பட்டது" என்று வரி. எர்னோ ரூபிக் புடாபெஸ்டில் ஆசிரியராக இருந்தபோது முதல் மாதிரியைச் செய்தது 1974இல். ஹங்கேரிக் கடைகளுக்கு அது வந்தது 1977இல். ரூபிக்ஸ் க்யூப் என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனதுதான் 1980. அடிக்குறிப்பைத் திறந்தால் க்யூப் விற்கிற ஒரு கடையின் பக்கம், மேலே "கூடையில் சேர்" பொத்தான். கடைக்காரருக்கு விற்பனைக்கு வந்த வருஷம்தான் பிறந்த வருஷம்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஏழாவதில். "எவ்வளவு கலைத்தாலும் 26 நகர்வுக்குள் சேர்த்துவிடலாம்" என்று எழுதியிருந்தது. க்யூப் தொட்ட எவனைக் கேட்டாலும் 20 என்பான். 2010 ஜூலையில் நான்கு பேர் சேர்ந்து நிறுவிய எண் அது. ஒற்றைக் கணினி என்றால் சுமார் 35 வருஷம் ஓட வேண்டிய கணக்கு, கூகுள் தன் கணினிகளைக் கொடுத்ததால் சில வாரங்களில் முடிந்தது. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அடிக்குறிப்பைத் திறக்கவே இல்லை. 26ஐ அழித்து 20 என்று போட்டேன். ஏன் மாற்றினோம் என்று சொல்லும் தொகுப்புச் சுருக்கத்தில் "பிழை திருத்தம்" என்று வேறு எழுதினேன்.

ஒரு மணி நேரத்துக்குள் யாரோ பழையபடி மாற்றிவிட்டார்கள். ஒரே ஒரு குறிப்பு: "சான்றைப் படித்துவிட்டு மாற்றவும்."

சுருக்கென்றது. சண்டை போடுகிற வேகத்தில்தான் அந்தச் சுட்டியைத் திறந்தேன். 2014இல் வந்த முடிவு. அந்த நாலு பேரில் இருவர் செய்ததுதான். கணக்கு வைக்கும் முறைதான் வேறு. ஒரு பக்கத்தை 180 டிகிரி திருப்பினால் க்யூப்காரர்கள் பொதுவாக அதை ஒரு நகர்வு என்போம். அப்படி எண்ணினால் 20. 90 டிகிரிதான் ஒரு நகர்வு, 180 என்றால் இரண்டு என்று வைத்தால் 26. சான்றும் சரி, எனக்குத் தெரிந்ததும் சரி. எப்படி எண்ணினோம் என்பதைக் கட்டுரையின் வரிதான் விழுங்கிவிட்டிருந்தது. உரையாடல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, இரண்டு எண்ணையும் எண்ணும் முறையோடு எழுதலாமா என்று கேட்டேன். மாற்றியவரே "நீங்களே எழுதுங்கள்" என்றார். எழுதினேன். அந்த வரி இன்னும் நிற்கிறது.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

ஆலா:

தம்பி, நேர்ந்திருக்கிறது. என் பொழுதுபோக்கு பறவை பார்ப்பது, அதனால்தான் இந்தப் பெயர். ஆர்க்டிக் ஆலா துருவத்துக்குத் துருவம் பறக்கும், தெரிந்திருக்கும். நான் படித்த கட்டுரையில் ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் என்று இருந்தது. சான்று ஒரு பழைய பறவை நூல், பக்க எண் கிடையாது. நூலகத்தில் அந்த நூலைத் தேடி எடுத்து, பொருளடைவைப் பிடித்துப் பக்கத்தைக் கண்டேன். உண்மையிலேயே அதில் 40,000 என்றுதான் இருக்கிறது. அங்கேயே நிறுத்தியிருந்தால் "சான்று சரி" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

ஆனால் 2010இல் ஓர் ஆய்வு வந்தது. போகும் வழியைப் பதிவுசெய்யும் 1.4 கிராம் எடையுள்ள ஒரு கருவியைப் பறவையின் காலில் மாட்டி, மறு ஆண்டு அதே பறவையைப் பிடித்துக் கழற்றிப் பார்த்தார்கள். சராசரி 70,900 கிலோமீட்டர்! ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய எண் வரைபடத்தில் கோடு இழுத்துச் சொன்னது. பறவை கோட்டில் போகவில்லை, காற்று போகிற பக்கமெல்லாம் வளைந்து வளைந்து போயிருக்கிறது.

அந்த நூலை எழுதியவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் காலத்தில் கோடுதான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு இப்போதெல்லாம் சான்று வெளிவந்த வருஷத்தைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்புவதில்லை. பக்க எண் போடாமல் முழு நூலையும் தலையில் கட்டுகிறவர்கள் மேல்தான் கோபம்.

வளையம்:

ஆலா அக்கா சொன்னதேதான். என்னிடம் ஒரு சின்னத் தொலைநோக்கி இருக்கிறது, சனிக்கோள்தான் பிடித்தமானது. அதன் நிலவுகள் 2019இல் 82. 2023இல் 146ஐத் தொட்டது. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்து 274. ஒரே கட்டுரையில் மேலே பெட்டியில் ஓர் எண், நடுப்பத்தியில் ஓர் எண், படத்துக்குக் கீழே மூன்றாவது எண் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் தரமான சான்று உண்டு!

பழுப்பு அட்டை:

நூலகத்தில் வேலை. மாணவர்கள் வந்து "நாளிதழ்லயே வந்திருக்கு சார்" என்று சொல்லும்போது நான் ஒரு கதை சொல்வேன். நடந்த கதை.

கோட்டி என்று தென் அமெரிக்காவில் ஒரு விலங்கு, நீள மூக்கும் வளையம் வளையமான வாலும் இருக்கும். 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் விளையாட்டாக ஆங்கில விக்கிப்பீடியாவில் கோட்டி கட்டுரைக்குள் "பிரேசிலிய ஆர்ட்வார்க் என்றும் அழைக்கப்படும்" என்று சொருகிவிட்டார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு, கோட்டிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யாரும் அந்த வரியை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் பிரிட்டிஷ் நாளிதழ்களில் அந்தப் பெயர் வந்தது. பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஒரு நூலிலும் ஏறியது. கடைசியில் கட்டுரையில் அந்த வரிக்கு அடிக்குறிப்பாக நாளிதழ்ச் செய்தியே வந்து உட்கார்ந்தது. 2014இல் ஓர் அமெரிக்க வார இதழ் எழுதிய பிறகுதான் விஷயம் பரவலாகத் தெரிந்தது.

இதைச் சான்றை மட்டும் படித்துக் கண்டுபிடிக்க முடியாது, நாளிதழில் அச்சாகத்தான் இருக்கிறது. கட்டுரையின் மேலே "வரலாற்றைக் காட்டவும்" என்று இருப்பதைத் திறந்து, அந்த வரி கட்டுரைக்குள் எந்தத் தேதியில் நுழைந்தது என்று பார்க்க வேண்டும். வரி முந்தி, செய்தி பிந்தி என்றால் அங்கேயே நில்லுங்கள். செய்தியாளர் எங்கிருந்து எடுத்தார் என்பது தெரிகிறவரை அது சான்றே இல்லை. நான் மாணவர்களிடம் தேதி இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்வேன். பாதிப் பேர் அந்த இடத்திலேயே "ஓ" என்பார்கள்.

நீர்க்குமிழி:

எனக்கு நேர்ந்தது உல்டா. எட்டு வருஷமாகச் சண்டைமீன் வளர்க்கிறேன். ஆண் மீன் வாயால் குமிழி விட்டு நீர்மேல் கூடு கட்டும், முட்டை கீழே விழுந்தால் கவ்வி எடுத்துத் திரும்பக் கூட்டில் வைக்கும். ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் ஆசை ஆசையாக இரண்டு பத்தி எழுதினேன். "சொந்த ஆய்வு, சான்று இல்லை" என்று தூக்கிவிட்டார்கள். பார்த்தவன் நான் இருக்கும்போது இன்னும் என்ன சான்று வேண்டும் என்று ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

க்யூப்காரன்:

அண்ணா, அப்புறம் என்ன செய்தீர்கள்?

நீர்க்குமிழி:

என்ன செய்வது, மீன் உயிரியல் நூல் ஒன்றைத் தேடினேன். நான் எழுதியதில் முக்கால்வாசி அதில் ஏற்கெனவே இருக்கிறது, என்னைவிட நன்றாகவே. மீதிக் கால்வாசியில் ஒன்று என் தொட்டியில் மட்டும் நடந்தது போல. ஆண் மீன் பெண்ணைத் துரத்துவதற்கு முன்னால் எப்போதும் இடப்பக்கம் ஒரு சுற்று போகும் என்று எழுதியிருந்தேன். தொட்டியின் வலப்பக்கம் வடிகட்டி இருந்தது, அந்தப் பக்கம் தண்ணீர் தள்ளும். அதை நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பத்தியைத் தூக்கியவருக்கு இப்போது நன்றி சொல்லலாம், ஆனால் சொல்லப் போவதில்லை.

அவசரம்:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. ஆனால் ஒரு தகவல் தேடப் போன இடத்தில் பதினொரு சுட்டியைத் திறந்துகொண்டிருந்தால் பரீட்சைக்கு எப்போது படிப்பது?

பழுப்பு அட்டை:

எல்லாவற்றையும் திறக்க வேண்டாம் தம்பி. நீங்கள் எந்த வரியை எடுத்து விடைத்தாளில் எழுதப் போகிறீர்களோ அந்த வரியின் அடிக்குறிப்பை மட்டும் திறங்கள். எண், தேதி, "முதன்முதலில்", "மிகப் பெரிய" இந்த நாலில் ஏதாவது ஒன்று வந்தால் கட்டாயம் திறங்கள். பொய் அங்கேதான் குடியிருக்கும்.

க்யூப்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை, பழுப்பு அட்டை சார் சொன்ன பிறகு இன்று பார்த்தேன். ஒன்பதாவது அடிக்குறிப்பு ஒரு வலைத்தளம், எழுத்துக்கு எழுத்து நம் கட்டுரையேதான். வரி 2016இலிருந்து கட்டுரையில் இருக்கிறது, அந்தத் தளத்தின் பக்கத்தில் தேதி 2018. சமர்ப்பித்த அறிக்கையில் இதற்கு "நம்பகமானது" என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். மேடமிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

கடைச் சுட்டியை எடுத்துவிட்டு 1974க்கு ஒரு நூலைச் சான்றாக வைத்தாயிற்று, இந்த முறை பக்க எண்ணோடு. மீதி இருப்பது பதினொன்றாவது. 1970களின் ஹங்கேரிய இதழ் ஒன்றின் ஸ்கேன் செய்த பக்கம். படத்தில் க்யூப் இருக்கிறது, கீழே ரூபிக் பெயர் இருக்கிறது, மற்றது ஒரு வரி புரியவில்லை. இங்கே யாருக்காவது ஹங்கேரிய மொழி தெரியுமா?