வேனுக்குள் சமைத்த மூன்று நாள்: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு

அழகாபுரத்துக்காரன்:

பயணத்தில் வண்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். சென்ற ஏப்ரல் கடைசியில் நாங்கள் ஏற்காட்டில் தங்கிய மூன்று நாளைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இதய அடைப்புக்குச் சிகிச்சை நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உப்பைப் பாதி அளவுக்குக் கீழே குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் அவர் வெளியூர் என்று எங்கும் வரவில்லை. உறவுக்காரர் கல்யாணங்களில்கூட இலையில் சோறும் தயிரும் மட்டும் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் ஏன் என்று கேட்பதற்குள் எழுந்துவிடுவார். ஓட்டலில் "எனக்கு மட்டும் உப்பில்லாமல்" என்று சொல்ல அவருக்குக் கூச்சம். என் மைத்துனர் பழைய டிராவலர் வேன் ஒன்றைக் கேரவனாக மாற்றி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாகப் பதிவும் செய்து வைத்திருந்தார். "மாமாவை இதில் கூட்டிக்கொண்டு போ, அக்காவின் சமையலறையே கூட வருகிறது என்று நினைத்துக்கொள்" என்று சாவியைக் கொடுத்தார்.

முதல் நாளே ஒரு பாடம் படித்தோம். இட்லி மாவை முந்தின மாலையில் அரைத்து, தூக்குப்போசியில் ஊற்றி, சிந்தக் கூடாது என்று மூடியை இறுக்கி அழுத்தி வைத்திருந்தாள் என் மனைவி. ஏப்ரல் மாதச் சேலத்தில் மாவு நான்கைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பருப்பை வேகவைத்து முடித்த பிறகு ஏற ஆரம்பித்தோம். மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவது வளைவில் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஓரமாக நிறுத்திப் பார்த்தால் போசியின் மூடி படுக்கைக்கு அடியில் கிடக்கிறது. மாவு அலமாரிக் கதவில் வழிந்து, தரை விரிப்பில் இறங்கி, அப்பாவின் செருப்புக்குள் போயிருக்கிறது. மாவு புளிக்கும்போது உண்டாகும் வாயு உள்ளே அடைபட்டிருந்தது; மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் வேறு குறைகிறது; போதாததற்கு பன்னிரண்டு வளைவின் குலுக்கல். அதே நேரத்தில் பிஸ்கட் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்ததையும் பார்த்தோம். அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மலை ஏறுகிறவர்கள் மாவைப் பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்றாதீர்கள். மூடியை மேலே சும்மா வையுங்கள். பாத்திரத்தை ஒரு பெரிய தட்டத்துக்குள் உட்கார வையுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், மேலே போனதும் நிலைமை தலைகீழ். ஐஸ் பெட்டியில் தனியாக வைத்திருந்த புது மாவை அன்று இரவு வெளியே எடுத்து வைத்தோம். காலையில் பார்த்தால் ஊற்றிய அளவிலேயே கிடக்கிறது. அந்தக் குளிரில் அது எப்படிப் புளிக்கும்? மறுநாள் இரவு அண்டாவில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, கம்பளி சுற்றி வைத்தோம். மூன்றாம் நாள் காலையில்தான் நல்ல இட்லி கிடைத்தது.

தோசைக்கு வேறொரு தொல்லை. ஏற்காட்டில் சமதளமான இடம் கிடைப்பது அரிது. முதல் தோசையை ஊற்றியபோது மாவு முழுவதும் கல்லின் ஒரு மூலைக்கு ஓடி, அங்கே அடை மாதிரி தடித்து, எதிர்ப்பக்கம் காகிதமாகக் கருகியது. அதன்பிறகு வண்டியை நிறுத்தியதும் அடுப்பு மேடையில் பாதி தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரை வைத்துப் பார்ப்பேன். தண்ணீர் எந்தப் பக்கம் உயர்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் வண்டி தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் முன்னால் பலகை போட்டு ஏற்றிவிட்டால் போதும்.

இனி நான் எழுத வந்த விஷயம். நாகலூர் போகும் வழியில், ஓர் எஸ்டேட் வாசலில் காவலரிடம் அனுமதி கேட்டு வண்டியை நிறுத்தியிருந்தோம். அப்பாவுக்கு வடித்த சோறுதான் வேண்டும். குக்கர் சோறு பிடிக்காது. உலை வைத்து அரிசியைப் போட்டேன். வேகவே இல்லை. சேலத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்ப்பதற்குத் தளதளவென்று கொதித்தாலும் சூடு குறைவு. குக்கரில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது; திறந்த பாத்திரத்தில் நன்றாகத் தெரியும். எங்களிடம் இருந்ததோ 5 கிலோ சிலிண்டர் ஒன்றுதான்.

புல்லுக்கட்டோடு போன ஒரு பாட்டி நின்று பார்த்தார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. "என்ன சாமி, இந்நேரம்வரை அரிசியோடு கிடக்கிறாய்? சாமை போட்டிருந்தால் சாப்பிட்டுக் கையே கழுவியிருப்பாயே" என்றார். சாமை எங்களிடம் இல்லை என்றேன். கட்டை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டுப் போனவர், கால் மணி நேரத்தில் முந்தானையில் முடிந்த சாமையோடு வந்தார். அம்மா பணம் கொடுக்கப் போனார். அவர் முகம் சுருங்கியது. உடனே அம்மா கூடையிலிருந்து நான்கு மாம்பழங்களை எடுத்து, "எங்கள் ஊர்ப் பழம், நீங்கள் சாப்பிட வேண்டும்" என்று கையில் வைத்தார். அதை வாங்கிக்கொண்டார்.

ஒரு பங்கு சாமைக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல் தண்ணீர், மூடி போட்டுச் சிறு தீ. கால் மணி நேரத்தில் பூவாக வெந்துவிட்டது. இதற்கிடையில் எஸ்டேட் காவலர் கொடுத்த மிளகை என் மனைவி கரண்டிக் காம்பால் நசுக்கி ரசம் வைத்தாள். அங்கெல்லாம் காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக்கொடியை ஏற்றியிருக்கிறார்கள். புதுமிளகின் காரமும் எலுமிச்சையின் புளிப்பும் சேர்ந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரிவதில்லை. அப்பா ஒரு கரண்டி ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பிறகு தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊற்று" என்றார். மூன்று ஆண்டுகளில் அவர் இன்னும் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அம்மா வண்டியின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்து ரோடு வாசகர்:

படித்துவிட்டு என் அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். என்னுடைய வேனில் கேஸ் வேண்டாம் என்று இண்டக்ஷன் அடுப்பு வைத்திருந்தேன். கணக்குப் போடாமல் செய்த வேலை. அடுப்பு 2,000 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதற்கு 160 ஆம்பியருக்கும் மேல் இழுக்க வேண்டும். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொத்தமே 1,200 வாட்-அவர்தான், அதாவது 1,200 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவுதான், இருக்கிறது. அரை மணி நேரம் முழு வேகத்தில் சமைத்தால் கிட்டத்தட்ட அத்தனையும் காலி. ஏற்காட்டு ஏரிக்கரையில் குருமா பாதி கொதித்த நிலையில் விளக்கும் சேர்ந்து அணைந்தது. இப்போது கேஸ்தான் வைத்திருக்கிறேன். சூரிய மின்பலகையில் வரும் மின்சாரம் விளக்குக்கும் மின்விசிறிக்கும் சிறிய குளிர்பெட்டிக்கும் போதும்.

கேஸ் வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். சிலிண்டர் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை கட்டாயம் வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும், வண்டி நகர்வதற்கு முன் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டைத் தங்கை:

அண்ணா, இதை எழுத எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. இரண்டு டிசம்பருக்கு முன் பகோடா பாயின்ட் பக்கம் தங்கினோம். பனி மூட்டம், தாங்க முடியாத குளிர். வெளியே கோழி சுட்ட கரி அடுப்பில் கங்கு மிச்சம் இருந்தது. புகைதான் இல்லையே என்று அதை வண்டிக்குள் எடுத்து வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். அரை மணி நேரத்தில் மூத்தவள் தலை வலிக்கிறது என்றாள். சின்னவன் கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லவில்லை. என் கணவர் கதவுகளைத் திறந்து இருவரையும் வெளியே தூக்கிக்கொண்டு ஓடினார். நல்லவேளை, இருவரும் நலமாகிவிட்டார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. கரியை எந்தக் குளிரிலும் உள்ளே கொண்டுவராதீர்கள். கேஸ் அடுப்பாக இருந்தாலும் எரியும்போது ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும், அதையே குளிர்காயப் பயன்படுத்தாதீர்கள்.

அழகாபுரத்துக்காரன்:

தங்கைக்கு: குழந்தைகள் நலம் என்று தெரிந்தது பெரிய ஆறுதல். உங்கள் பதிவை என் மைத்துனருக்கும் அனுப்பிவிட்டேன்; கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலி எழுப்பும் கருவி ஒன்றை வண்டியில் மாட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பாத்திரம் கழுவும் தண்ணீரை என்ன செய்தீர்கள் என்று சிலர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். தட்டுகளை முதலில் பழைய செய்தித்தாளால் அழுந்தத் துடைத்துவிடுவோம். பிறகு ஒரு சொம்பு வெந்நீர் போதும். அழுக்கு நீரைக் கேனில் பிடித்து, ஊருக்குள் வந்துதான் கொட்டினோம். மிச்சச் சோற்றை வளைவுகளில் குரங்குகளுக்கு வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவை கையேந்திப் பழகி, வண்டிகளுக்கு நடுவில் குட்டிகளோடு உட்கார்ந்திருக்கின்றன. இறங்கும்போது எங்கள் கண் எதிரே ஒரு குட்டி லாரிச் சக்கரத்துக்கு அரை அடியில் தப்பியது. மிச்சத்தை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. ஒரு கட்டு மந்தார இலை எடுத்துப் போனால் மூன்று நாளும் ஓடிவிடும்.

சாமை கொடுத்த பாட்டியின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அப்பா தானாகவே போகலாம் என்கிறார். பாட்டிக்கு ஒரு கூடை மல்கோவா கொண்டுபோக வேண்டும் என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறார். இந்த முறை குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறலாமா என்று யோசிக்கிறோம். வேனோடு அந்தப் பாதையில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: நடுவில் நிறுத்திப் பருப்பு வேகவைக்க இடம் இருக்கிறதா?