கீழவீதி வீடு (குடும்பக் குழு)

கவிதா: (காணொளி) லண்டன் பிரென்ட்ஃபோர்டில் உள்ள இசைக்கருவி அருங்காட்சியகத்தில் எடுத்தேன். தானாக வாசிக்கும் பியானோ இது. இருக்கையில் ஆளே இல்லை, கட்டைகள் மட்டும் தாமாக அமுங்குகின்றன!

பெரியம்மா: ஐயோ, பேய் வீடு போல இருக்கிறதே. குழந்தையிடம் காட்டிவிடாதே.

சேகர் சித்தப்பா: உள்ளே ஸ்பீக்கர் ஒளித்து வைத்திருப்பார்கள்.

கவிதா: இல்லை சித்தப்பா. ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஒன்று ஓடுகிறது. அதன் பின்னால் துளை வரிசையோடு ஒரு பித்தளைச் சட்டம். ஓட்டை துளைக்கு நேரே வந்ததும் காற்று நுழைகிறது, குட்டித் துருத்தி ஒன்று சட்டென்று சுருங்குகிறது, சுத்தியல் கம்பியில் அடிக்கிறது.

தாத்தா: நம் தறியில் பூ வேலைக்கு மாட்டும், ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டையேதான். அங்கே பூ விழும், இங்கே பாட்டு விழுகிறது.

கவிதா: அதேதான் தாத்தா!

சேகர் சித்தப்பா: சரி, வாசித்தவரின் விரல் அழுத்தம் எங்கே போயிற்று? எல்லாம் ஒரே தட்டாகத்தானே இருக்கும்?

கவிதா: ஆரம்பத்தில் அந்தக் குறை இருந்தது. 1904இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் வெல்ட்டே நிறுவனம் அதற்கும் வழி கண்டது. சுருளின் ஓரத் துளைகள் அழுத்தத்தையும் பெடலையும் சொல்லிவிடும். 1905இல் புகழ்பெற்ற இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரே உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார். அவர் இசைத்தட்டே பதிவு செய்ததில்லை, வாசிப்பில் மிஞ்சியது அந்தச் சுருள்கள்தான்.

பெரியம்மா: இவ்வளவு நன்றாக இருந்தது ஏன் ஒழிந்தது?

கவிதா: வானொலி வந்தது. 1925இல் மின் ஒலிப்பதிவு வந்து இசைத்தட்டுகள் தெளிவாக ஒலித்தன. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை கவிழ்ந்தது. அப்புறம் யார் வாங்குவார்கள்?

தாத்தா: காகிதம் நொறுங்காதா?

கவிதா: நொறுங்குகிறது தாத்தா. அதனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான சுருள்களைப் படமெடுத்துக் கணினியில் சேர்க்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். காகிதம் சுற்றச் சுற்ற உருளை பருத்து, அதை இன்னும் வேகமாக இழுக்கும். கணினியில் அந்தக் கணக்கைச் சேர்க்காவிட்டால் பாட்டு போகப்போக மெதுவாகி மாலர் தூங்கி வழிவார்.

சேகர் சித்தப்பா: ஸ்பீக்கர் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

தாத்தா: என் அட்டைக் கட்டு பரணில் இருக்கிறது. அதையும் யாராவது படமெடுத்து வையுங்கள்.

பெரியம்மா: மாமா, அதைப் போன மாதமே எலி கடித்துவிட்டது.

தாத்தா: என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பெரியம்மா: பாதிதான் மாமா. மீதியைச் சேலைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.