15 வயதுக்குட்பட்ட பொடியளின் உடற்தகுதியை எப்படி அளப்பது?

கடற்கரை கோச்:
வணக்கம் அண்ணைமார். எங்கள் ஊர்க் கழகத்தின் 15 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணிக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். கையில் இருப்பது ஒரு ஸ்டொப்வொட்ச், அளவு நாடா, கொஞ்சம் கோன். பொடியள் எவ்வளவு தாக்குப்பிடிப்பார்கள், காலில் எவ்வளவு வலு என்று அளந்து அதை வைத்தே அணியைத் தெரிவு செய்யலாம் என்று யோசிக்கிறேன். பீப் டெஸ்ட் போதுமா?

பழைய ஸ்ட்ரைக்கர்:
பீப் டெஸ்டில் 20 மீற்றரை ஓய்வே இல்லாமல் திரும்பத் திரும்ப ஓட வேண்டும், மட்ச்சில் யார் அப்படி ஓடுகிறார்கள்? யோ-யோ டெஸ்ட் எடுங்கள். 20 மீற்றர் போய்த் திரும்பி வந்தால் 10 செக்கன் ஓய்வு, அதற்குள் 5 மீற்றர் மெல்லப் போய்வர வேண்டும். இந்த டெஸ்டின் முதலாம் நிலையில் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றரில் தொடங்கிக் கூடிக்கொண்டே போகும், பீப் சத்தத்துக்கு முதல் கோட்டைத் தொடாமல் இரண்டாம் தடவை தவறவிட்டால் வெளியே. ஓடிய மொத்தத் தூரத்தை எழுதி வையுங்கள். விடியவே வையுங்கள், மத்தியான வெயிலில் வேண்டாம்.

வலிகாமத்தான்:
யோ-யோவைக் கடைசியில் வையுங்கள் தம்பி, கால் வலுவைக் காட்டுவது மேல்நோக்கிய பாய்ச்சல், அதைக் களைத்த காலோடு அளந்து பிரயோசனமில்லை. பாய்ச்சலுக்குச் சுவரும் வெண்கட்டியும் போதும்: நின்றபடி எட்டும் உயரம், பாய்ந்து தொடும் உயரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். போனில் ஸ்லோ மோஷன் எடுத்தும் பார்க்கலாம், கால் தரையை விட்டு அரைச் செக்கன் அந்தரத்தில் நின்றால் பாய்ந்த உயரம் ஏறக்குறைய 31 சென்ரிமீற்றர். ஆனால் 40 கிலோ பொடியனும் 60 கிலோ பொடியனும் ஒரே உயரம் பாய்ந்தால் பாரமானவன்தான் கூடிய வலுவைக் காட்டியிருக்கிறான், அதனால் நிறையையும் பக்கத்தில் எழுதுங்கள். 10 மீற்றர் ஓட்டத்தைக் கையால் நேரம் பிடிக்க வேண்டாம், பொடியளுக்கிடையில் உள்ள வித்தியாசமே உங்கள் விரல் பிந்துகிற அளவுதான். 30 மீற்றர் பரவாயில்லை, அதுவும் சோளகம் அடிக்கிற நாளில் ஒருவனைக் காற்றோடும் மற்றவனை எதிர்க்காற்றிலும் ஓடவிட்டால் கணக்கு அம்போ!

ஆனால் அணித் தெரிவுக்கு இதைப் பாவிக்கவே வேண்டாம். ஆண்பிள்ளைகள் திடீரென்று உயர்வது சராசரியாக 14 வயதை ஒட்டித்தான், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். ஆக, ஒரே வயது என்று நீங்கள் ஒப்பிடுவது பாதி வளர்ந்தவனையும் இன்னும் தொடங்காதவனையும். அவனவன் போன தடவை எடுத்ததோடு ஒப்பிடுங்கள்.

கடற்கரை கோச்:
அப்ப உயரத்தையும் அளக்க வேணுமா அண்ணை?

வலிகாமத்தான்:
ஓம், மூன்று மாதத்துக்கு ஒருக்கால். ஒருவன் கிடுகிடுவென்று உயர்கிற நேரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நோகுது என்றால் பாய்ச்சலை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.