கண்மாய் மானியம் பாதியில் நிற்கிறது: தொண்டு நிறுவனம் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

மேலூர்க்காரன்:
மேலூர் பக்கம் கண்மாய் வேலைக்கும் மகளிர் குழுக்களுக்கும் பல வருடமாக ஊர் மானியம் கொடுத்துவந்த ஒரு தொண்டு நிறுவனம், இனிமேல் இளைஞர்களுக்குக் கணினிப் பயிற்சி மட்டும்தான் என்று முடிவெடுத்துவிட்டது. பெயர் வேண்டாம். முடிவெடுக்கட்டும், அது அவர்கள் உரிமை. எங்கள் கண்மாய்க்கு ஒப்புதல் கடிதம் கொடுத்து, முதல் தவணையும் கொடுத்த வேலை என்ன ஆவது? ஊர்ப் பங்கு என்று ஏக்கர் கணக்குப் போட்டு வசூலித்துக் கட்டியிருக்கிறோம். நடுமடையில் பழைய ஷட்டரைக் கழற்றியாயிற்று, புதுசு வரவில்லை. மணல் மூட்டையை அடுக்கித்தான் தண்ணீரை நிறுத்துகிறோம், இரவோடு இரவாகக் கசிந்துவிடுகிறது. அலுவலகத்தில் கேட்டால் “கமிட்டியில் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்கிறார்கள். எந்த ஊருக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு ஊர்ச் சாவடியிலும் எழுதி ஒட்டச் சொல்கிறேன்.

பேரேடு:
அண்ணே, நான் தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். அவர்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டு நன்கொடையை வாங்கிய நிறுவனம் அதை வேறு எந்த அமைப்புக்கும் ஆளுக்கும் கைமாற்றக் கூடாது. உங்கள் கண்மாய்ச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் அந்தப் பணத்தைப் போட்டாலே சட்ட மீறல். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. ஊர் ஊராக மானியம் கொடுத்து மேற்பார்வை பார்ப்பது பல நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பயிற்சி என்றால் நேரடியாகச் செலவு செய்யலாம், அதனால் அந்தப் பக்கம் போகிறார்கள். இதில் ஒளிவுமறைவு எங்கே வந்தது?

அப்புறம், ஒரு ஊர்த் தொகை பக்கத்து ஊருக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் ஏற்கெனவே இருக்கிற தகராறு போதாதா?

திருமங்கலத்தான்:
கண்மாயைப் பார்க்க அரசு இருக்கிறது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். படித்துவிட்டு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? மாற்றம் சரியானதுதான்.

உசிலம்பட்டி மகளிர்குழு:
பேரேடு தம்பி, பட்டியல் ஒட்டினால் சண்டை வரும் என்கிறீர்கள். எங்கள் குழுவில் வாராவாரம் சேமிப்பு, கடன், வட்டி, தாமதமாக வந்தவர் கட்டிய அபராதம் வரைக்கும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் நோட்டில் எழுதுவோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் முன்னாலும் படிப்போம். சண்டை வந்ததெல்லாம் படிக்காமல் விட்ட வாரங்களில்தான். இப்படிக் கணக்கு வைக்கச் சொல்லிக் கொடுத்ததே இந்த மாதிரி நிறுவனங்கள்தான். அதே முறையைத் தங்கள் பணத்துக்கும் வைக்கட்டும்.

மேலூர்க்காரன்:
திருமங்கலத்தாரே, கணினிப் பயிற்சியை யாரும் எதிர்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளும் போவார்கள்.

பேரேடு தம்பி, சட்டம் கைமாற்றத்தானே கூடாது என்கிறது? நிறுவனமே ஷட்டரை வாங்கி, தங்கள் ஆளை வைத்தே மாட்டட்டும். எங்கள் சங்கத்துக்கு ஒரு ரூபாய் தர வேண்டாம். எந்தக் காரியத்துக்கு வாங்கினார்களோ அந்தக் காரியத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறதே. கண்மாய் என்று சொல்லி வாங்கியதை, கொடுத்தவரைக் கேட்காமல் கம்ப்யூட்டருக்குத் திருப்ப முடியுமா? முதலில் அது வெளிநாட்டுப் பணமா, கம்பெனி சமூகப் பொறுப்புக்காகக் கொடுத்த சி.எஸ்.ஆர். பணமா என்பதையே எங்களிடம் சொல்லவில்லை.

நாங்களாகத் தேடிப் பார்க்கவும் வழி அடைந்துவிட்டது. நிறுவனங்கள் தாக்கல் செய்கிற ஆண்டுக் கணக்கை உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் முன்பு பார்க்கலாம், 2022-இல் எடுத்துவிட்டார்கள். அரசுப் பணம் கணிசமாக வாங்காத நிறுவனத்திடம் தகவல் உரிமைச் சட்டமும் செல்லாது. அவர்களாக வாய் திறந்தால்தான் உண்டு.

பேரேடு:
அது நியாயமான கேள்வி. சி.எஸ்.ஆர். பணமாகவும் தொடர் திட்டமாகவும் இருந்தால், செலவாகாத தொகையைக் கம்பெனி நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, 3 நிதியாண்டுக்குள் செலவழித்தாக வேண்டும். கம்பெனிக்கும் கெடு இருக்கிறது, நேரடியாக அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். ஊர்வாரித் தொகையை ஒட்டுவதற்கும் சரி என்கிறேன். ஆனால் ஆடு மாடு வாங்க உதவி பெற்ற பெண்களின் பெயரைச் சாவடியில் ஒட்டக் கூடாது. அதில் கைம்பெண்கள் இருக்கிறார்கள், கடன்காரன் வாசலில் வந்து நிற்பான்.

உசிலம்பட்டி மகளிர்குழு:
அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பெயர் குழுவுக்குள் இருக்கட்டும், தொகையும் ஆள் எண்ணிக்கையும் வெளியே வரட்டும்.

மேலூர்க்காரன்:
சரி, அப்படியே மனு எழுதுகிறேன். ஒப்புதல் கடிதம் வாங்கிய ஊர்கள், கள ஆய்வு முடித்து வாய்மொழியாக உறுதி சொன்ன ஊர்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்கப்போகிறேன்.

பேரேடு:
வாய்மொழி ஊர்களுக்கு நான் உடன்பட மாட்டேன் அண்ணே. கடிதம் இல்லாததைப் பாக்கி என்று எந்த ஆடிட்டரும் எழுத மாட்டார்.

மேலூர்க்காரன்:
பாக்கி என்று எழுத வேண்டாம். இல்லை என்றால் இல்லை என்று தேதி போட்டு எழுதிக் கொடுக்கட்டும். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் வரும் வரும் என்று நம்பி ஒன்றியத்தில் மனுக் கொடுக்காமல் இருக்கிறார்கள். மழைக்கு முன்னால் அவர்களாவது வேறு வழி பார்க்க வேண்டும்.