கையால் ஓட்டினால் அஞ்சல் வருகிறது, கிரானில் வரவில்லை

கல்மண்டபம்:
வணக்கம். ராயபுரத்தில் என் மாமா சுங்கக் கிளியரிங் அலுவலகம் வைத்திருக்கிறார். சரக்கு ஆவணங்கள் எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. வெளியூர் சர்வரில் பாப்3 (அஞ்சலை இறக்கும் முறை) மட்டும், 110ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசல்), மறையாக்கம் இல்லாமல் ஓடுகிறது. ஆகவே எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (மறையாக்கிய இணைப்பு) போட்டு, இங்குள்ள 2110ஆம் போர்ட் வழியாக ஃபெட்ச்மெயில் என்ற அஞ்சல் இறக்கும் நிரலால் இழுக்கிறேன். இதற்கான கட்டளைகளை எழுதி வைத்த ஷெல் ஸ்கிரிப்டை நானே ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் கிரானில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை போட்டால் ‘பர்மிஷன் டினைடு, பப்ளிக்கீ’ (சாவி ஏற்கப்படவில்லை, அனுமதி இல்லை) என்கிறது. நேற்றிலிருந்து லாரி துறைமுக வாசலில் நிற்கிறது, சரக்கை எடுக்க வேண்டிய டெலிவரி ஆர்டரோ சர்வரிலேயே கிடக்கிறது. உதவுங்கள்.

வியாசர்பாடி:
சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஸ்டிரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங் அமைப்பை ‘நோ’ என்று வைத்துப் பாருங்கள்.

பெரம்பூர்:
தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். முன்பின் தெரியாத சர்வரையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். பிறகு சுரங்கம் எதற்கு? சிக்கலும் அங்கே இல்லை. சர்வர் அடையாளம் தவறியிருந்தால் ‘ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்டு’ என்று வந்திருக்கும்.

உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவிக்கு (சர்வரிடம் உங்களை அடையாளம் காட்டும் கோப்பு) கடவுச்சொல் போட்டிருப்பீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் என்ற துணை நிரல் அந்தச் சாவியைத் திறந்து கையில் வைத்திருக்கிறது. கிரானுக்கு அந்த ஏஜென்ட் இருக்கும் இடமே தெரியாது. இந்த வேலைக்கென்று கடவுச்சொல் இல்லாத தனிச் சாவி ஒன்று செய்யுங்கள். அது திருடு போனாலும் வேறு வேலைக்குப் பயன்படாதபடி பூட்ட வேண்டும். அனுமதித்த சாவிகளின் பட்டியலான, சர்வரின் ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் அந்தச் சாவியின் வரிக்கு முன்னால் ரெஸ்டிரிக்ட் (எல்லாவற்றையும் தடுக்க), போர்ட்-ஃபார்வர்டிங் (சுரங்கத்தை மட்டும் விட), பெர்மிட்ஓப்பன் லோக்கல்ஹோஸ்ட்:110 (சுரங்கம் போகக்கூடிய இடம்), கமாண்ட் ‘ஸ்லீப் 30’ (30 வினாடி சும்மா இருக்க) ஆகியவற்றைச் சேருங்கள். சர்வரிலிருந்து 110ஐத் தவிர வேறு எங்கும் சுரங்கம் போகாது, கட்டளை அடிக்கும் ஷெல்லும் கிடைக்காது.

இன்னொன்று: ஃபெட்ச்மெயில் இழுத்த அஞ்சலைச் சர்வரிலிருந்து அழித்துவிடும். எல்லாம் சரியாகும்வரை, அழிக்காமல் விட்டுவைக்கும் ‘கீப்’ போட்டு வையுங்கள். ஃபெட்ச்மெயில் அமைப்புக் கோப்பின் அனுமதி 600 ஆக (உரியவர் மட்டும் படிக்க, எழுத) இருக்கட்டும், அஞ்சல் கடவுச்சொல் அதில்தானே இருக்கிறது.

கல்மண்டபம்:
அண்ணா, உள்ளே நுழைந்துவிட்டது. ஆனால் இப்போது சுரங்கம் ‘அட்மினிஸ்டிரேட்டிவ்லி புரோஹிபிட்டட்’ (சர்வர் அமைப்பால் தடை) என்கிறது.

பெரம்பூர்:
ஸ்கிரிப்டில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்களா, 127.0.0.1 என்றா?

கல்மண்டபம்:
127.0.0.1.

பெரம்பூர்:
அதுதான். பெர்மிட்ஓப்பன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். இரண்டும் அந்தக் கணினியையே குறிக்கும் ஒரே இடம் என்று அதற்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

கல்மண்டபம்:
வந்துவிட்டது அண்ணா! காலை 5.40 சுற்றில் 14 அஞ்சல்கள். மாமா டெலிவரி ஆர்டரை அச்செடுத்துக்கொண்டிருக்கிறார், லாரி கிளம்பப் போகிறது. மிக்க நன்றி.