பதில்: ‘சாலை மேற்பரப்பு நிலை உணர்தல்’ – ‘பிடிமானம்’ என்று தொடங்கலாமே?

வணக்கம். சாலையில் டயருக்கு எவ்வளவு பிடி கிடைக்கிறது என்பதைக் கார் தானாகவே அறிந்துகொள்ளும் நுட்பத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘சாலை மேற்பரப்பு நிலை உணர்தல்’ என்றே வைத்துக்கொள்வோம். பொருள் சரியாகத்தானே வருகிறது?

பொருள் வருகிறது ஐயா. ஆனால் கார் செய்கிற வேலை அந்தச் சொல்லில் வரவில்லை. பெங்களூரில் வண்டிகளுக்கான மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

போன ஏப்ரலில், கோடையின் முதல் மழை பெய்த மாலை, மடிவாளா பக்கம் ஸ்கூட்டரோடு விழுந்தேன். பெரிய மழைகூட இல்லை, தூறல்தான். பல வாரம் சாலையில் படிந்து கிடந்த எண்ணெயும் டயர்த் தூளும் அந்தத் தூறலில் ஊறி மேலே வந்துவிடும். நன்றாகக் கழுவிவிடும் அளவு மழை பெய்யும்வரை அதுதான் மோசமான நேரம். மறுநாள் சிவாஜிநகரில் வழக்கமாகப் போகும் கடையில் மெக்கானிக் அண்ணன் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, “ரோடு மேல தப்பில்ல தம்பி, டயரு தேஞ்சுபோச்சு, அதான் பிடி விட்டுடுச்சு” என்றார்.

நாம் தேடுகிற சொல் அந்தப் ‘பிடி’யில் இருக்கிறது. அதே ஈரச்சாலையில் புது டயர் நிற்கும், தேய்ந்த டயர் போய்விடும். ஆகவே காருக்குத் தெரிய வேண்டியது சாலையின் நிலை மட்டும் அல்ல. டயரும் சாலையும் சேர்ந்த இடத்தில் எவ்வளவு பிடிமானம் இருக்கிறது என்பதுதான். பாடப்புத்தகத்தில் இதற்கு உராய்வுக் குணகம் என்று பெயர். காய்ந்த தார்ச்சாலையில் சுமார் 0.8, பனிக்கட்டி மேல் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். 60 கி.மீ. வேகத்தில் பிரேக் முழுதாகப் பிடித்தபின் 0.8 இருந்தால் ஏறக்குறைய 18 மீட்டரில் நிற்கலாம். 0.4 ஆனால் 35 மீட்டர் வேண்டும். முன்னால் போகிற வண்டியிலிருந்து எவ்வளவு தள்ளி வருவது, எப்போது பிரேக் போடுவது என்பதையெல்லாம் தானாகக் கணக்கிடும் காருக்கு இந்த ஓர் எண் தெரியாவிட்டால் மற்றக் கணக்கு எல்லாம் தப்பு.

‘பிடி’ என்றே வைத்தால் பிரேக் பிடிப்பதோடு குழம்பும். ‘பிடிமானம்’ என்றால் குழப்பம் இல்லை.

> அப்படியானால் சாலை உணரி என்று சுருக்கலாமே?

வேண்டாம் என்பேன். சாலை உணரி என்றால் சாலைக்குள் புதைத்து வைத்த கருவி என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப்பட்ட கருவிகளும் உண்மையிலேயே இருக்கின்றன.

கார் பிடிமானத்தை அறியும் வழிகளுக்குப் பெயர் தேடியபோது தமிழ் எனக்கு வேலையே வைக்கவில்லை. பார்த்தறிதல், கேட்டறிதல், பட்டறிதல்.

கேமராவோ அகச்சிவப்பு ஒளியோ முன்னாலிருக்கும் சாலையைப் பார்ப்பது பார்த்தறிதல். குறிப்பிட்ட சில அலைநீளங்களைத் தண்ணீர் அதிகம் விழுங்கிவிடும், பனிக்கட்டி வேறு மாதிரி விழுங்கும். திரும்பி வரும் ஒளியை ஒப்பிட்டால் காய்ந்ததா, ஈரமா, உறைந்ததா என்று பிரிக்கலாம்.

கேட்டறிதலுக்கு அழகான எடுத்துக்காட்டு, போர்ஷே 911 காரின் 2018 இறுதியில் அறிமுகமான தலைமுறை. முன்சக்கர வளைவுக்குள் ஒலி உணரிகளை வைத்து, சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரின் சத்தத்தை வைத்தே சாலை நனைந்திருக்கிறது என்று அது கண்டுகொள்கிறது. மழை நின்றும் சாலை காயாத நேரத்திலும் இது வேலை செய்யும், வைப்பர் ஓடுகிறதா என்று பார்த்து அதை அறிய முடியாது.

சக்கரம் சாலையில் பட்டுச் சுற்றும் விதத்திலிருந்தே பிடிமானத்தை அறிவது பட்டறிதல். இதில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். பிரேக் போடும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் முறை, பாஷ் நிறுவனம் செய்தது, 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. அந்த முறைக்குத் தேவையான சக்கர வேக உணரிகள் இன்று சாதாரணக் காரிலும் இருக்கின்றன. கார் சீராக ஓடும்போதுகூட, எஞ்சின் சுழற்றும் சக்கரம் மற்றச் சக்கரத்தைவிட நூலளவு வேகமாகச் சுற்றும். அதே விசைக்கு அந்த வித்தியாசம் கூடினால் பிடிமானம் குறைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். புதிதாக ஒரு கருவியும் வேண்டாம்.

இந்த நூலளவு வித்தியாசத்துக்கு ‘வழுக்கல்’ என்று ஒரு தோழி எழுதியிருந்தார். நான் சறுக்கல் என்பேன். வழுக்குவது இடத்தின் குணம்: வழுக்குப் பாறை, வழுக்கு மரம். சறுக்குவது அதன்மேல் போகிறவரின் செயல்: யானைக்கும் அடி சறுக்கும். சாலைக்கு வழுக்கு, சக்கரத்துக்குச் சறுக்கு என்று பிரித்துவிட்டால் ‘சறுக்கு விகிதம்’ இயல்பாக வந்து உட்கார்கிறது; சக்கரம் சுற்றும் வேகமும் கார் போகும் வேகமும் எத்தனை விழுக்காடு வேறுபடுகின்றன என்பது அது. காய்ந்த சாலையில் அது 10 முதல் 20 விழுக்காடு இருக்கும்போதுதான் பிடிமானம் உச்சத்தில் இருக்கும் என்பதையும் சொல்ல வசதி.

ஆனால் பட்டறிதலில் ஒரு சிக்கல். மெதுவாகப் போகும்போது டயர் தன் பிடிமானத்தில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது. மிச்சம் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்வது கடினம். பிரேக்கை மிதித்த பிறகு தெரிந்து என்ன பயன்? அந்த மிச்சத்துக்கு ‘கையிருப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பிடிமானக் கையிருப்பு. கடைக்காரரிலிருந்து வங்கி ஊழியர்வரை எல்லாருக்கும் புரியும்.

> பட்டறிவு என்றால் அனுபவம் அல்லவா? குழப்பாதா? தொட்டறிதல் போதுமே.

தொடுவது வேண்டுமென்றே செய்வது அக்கா. தொடுதிரை வந்தபின் ‘தொடு’ விரலோடு ஒட்டிக்கொண்டும் விட்டது. இங்கே சக்கரத்தின்மேல் பட்டுத்தான் கார் தெரிந்துகொள்கிறது. அனுபவத்தின் சாயல் வந்தால் வரட்டும், அது பொருளுக்கு ஒத்தே போகிறது.

அப்புறம், ஒரு கார் பட்டறிந்ததை மற்றக் கார்களுக்குச் சொல்வது. 2016-லேயே வோல்வோ இதை நார்வேயிலும் ஸ்வீடனிலும் தொடங்கியது; வழுக்கும் இடத்தைக் கண்ட கார், அந்தப் பக்கம் வருகிற மற்ற வோல்வோக்களை எச்சரிக்கும். இதற்குப் பெயர் தேடியபோது ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ நினைவுக்கு வந்தது. குறள் 415, கேள்வி அதிகாரம். வழுக்கும் நிலத்துக்கு ‘இழுக்கல்’ என்ற சொல் நம்மிடம் அப்போதே இருந்திருக்கிறது. அங்கே ஊன்றுகோலாவது ஒழுக்கம் உடையவர் வாய்ச்சொல். இன்று இழுக்கு என்றால் அவமானம் என்றாகிவிட்டதால் சொல்லை அப்படியே எடுக்கத் தயங்குகிறேன். ‘வழுக்கிடச் செய்தி’ போதும் என்று படுகிறது. இழுக்கலை மீட்கலாம் என்று யாருக்காவது தோன்றினால் தயவுசெய்து எழுதுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போகும்போது டயர் தரையை விட்டு நீர்ப்படலத்தின் மேல் ஏறிவிடுகிறதே, அதற்கு ‘நீர்ச்சறுக்கு’ வேண்டாம். அது விளையாட்டுக்குப் போய்விட்டது. டயர்மிதப்பு என்று எழுதிப் பார்த்தேன், இன்னும் மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை டயர் மாற்றச் சிவாஜிநகர் போகிறேன். அண்ணன் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன்.